வலி என்னும் சொல்

சனவரித் திங்களில் பள்ளி திறந்த அந்நாளில், தோட்டத்துப் பிள்ளைகளின் புத்தகங்களெல்லாம் பழுப்புநிற மேலாடை அணிந்துகொள்வது வழக்கமாக இருந்தது. கடைத்தெருவில் தாள் வாங்கி அட்டை போட்டவர் சிலர். சிமெண்டுப் பையின் உள்மடிப்பைப் பிரித்துத் தூசி தட்டி அட்டை போட்டவர் பலர். அந்தத் தாள் எளிதில் கிழியாது; மழைத்தூறல் பட்டாலும் உடனே நைந்து போகாது. ஓராண்டு முழுவதும் பிள்ளையின் கைகளைத் தாங்கி நிற்கும். பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே, நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் தொட்டுச் செல்லும் சுங்காய் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளிலும் இதுவே காட்சி.

அந்தத் தாளுக்கு ஒரு பெயர் உண்டு. 'கிராஃப்ட்' என்பது அதன் பெயர். அவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அவ்வட்டாரத்திலேயே தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர், பையின் மேல் அச்சிட்டிருந்த அப்பெயரை இளமையில் ஒருநாள் கூர்ந்து நோக்கினார். கைத்தொழில், தொழில்நுட்பம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்று இதே ஒலியுடையது. ஆனால் பையிலிருந்த சொல்லின் முதலெழுத்து வேறாக இருந்தது. அச்சுப்பிழையோ என ஐயுற்று அவர் ஆங்கில அகராதியைப் புரட்டினார். பிழையன்று. இது தனிச்சொல். சுவீடிய மொழியிலிருந்து வந்தது என்றும், அம்மொழியில் 'வலிமை' என்று பொருள்படும் என்றும் அகராதி கூறிற்று. வலிமையான தாள்; ஆதலால் வலிமை என்பதே அதற்குப் பெயராயிற்று.

ஒரு தாளின் பெயர் அவரை நெடுந்தொலைவு அழைத்துச் சென்றது. சுவீடிய மொழியை அவர் அறியார். அதனை அறிந்தவரையும் அறியார். ஆங்கிலம் தந்த பொருள்களைக் கொண்டே அச்சொல்லை அணுக வேண்டியிருந்தது. தமிழ் வாசகருக்கு இது புதிய நிலையன்று. சுவீடிய எழுத்தாளர் செல்மா லாகர்லெவ் 1909ஆம் ஆண்டிலும், பேர் லாகர்குவிஸ்ட் 1951ஆம் ஆண்டிலும் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்றவர்கள். அவர்களுடைய நாவல்களைக் க.நா. சுப்ரமண்யம் 'மதகுரு' என்றும் 'அன்பு வழி' என்றும் தமிழுக்குக் கொணர்ந்தது ஆங்கில வழியாகத்தான். சுவீடனிலிருந்து புறப்படும் சொல் இலண்டனில் இறங்கி உடை மாற்றிக்கொண்டே தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் வந்து சேர்கிறது. அவ்வாறு உடை மாற்றும்போது எது மிஞ்சுகிறது, எது நழுவுகிறது என்று பார்ப்பதில் பயன் உண்டு.

சுவீடிய மொழியில் 'கிராஃப்ட்' என்னும் ஒரு சொல் செய்யும் பணிகள் பல. குதிரையோடு சேர்ந்தால் இயந்திரத்தின் குதிரைத்திறனைக் குறிக்கும். நீரோடு சேர்ந்தால் அருவியிலிருந்து பெறும் மின்னாற்றலைக் குறிக்கும். அணுக்கருவோடு சேர்ந்தால் அணுமின்னாற்றலைக் குறிக்கும். எடையோடு சேர்ந்தால் புவியீர்ப்பு விசையைக் குறிக்கும். வேலையோடு சேர்ந்தால் உழைப்பாளர் தொகுதியைக் குறிக்கும். ஒரு சட்டம் நடைமுறைக்கு வருவதைச் சொல்லும்போதும் அது 'கிராஃப்டுக்குள் அடியெடுத்து வைக்கிறது' என்பது அம்மொழி மரபு. இத்தனை இடங்களிலும் ஆங்கிலம் ஒரே சொல்லை ஆள்வதில்லை. 'ஸ்டிரெங்த்', 'பவர்', 'ஃபோர்ஸ்', 'லேபர்' என இடத்திற்கு ஒரு சொல்லாகப் பிரித்து ஆள்கிறது.

வலிமைக்குச் சுவீடிய மொழியில் வேறொரு சொல்லும் உண்டு. 'ஸ்டீர்க்கா' என்பது அது. உடல் வலிமை, ஒலியின் வலிமை, படையின் அளவு ஆகியவற்றை அது குறிக்கும். அச்சொல்லே வினையாக வரும்போது வலுப்படுத்துதல் என்றும், சான்று காட்டி மெய்ப்பித்தல் என்றும் இருபொருள் தரும். ஒருவர் தம்மை இன்னார் எனச் சான்றிதழ் காட்டி நிறுவுவதையும் அவ்வினையாலேயே சொல்லலாம். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனி வினைகள் வேண்டும். தமிழிலோ 'உறுதிப்படுத்துதல்' என்ற ஒன்றே போதும். சுவரையும் உறுதிப்படுத்தலாம், செய்தியையும் உறுதிப்படுத்தலாம். ஆங்கிலத்தில் இருவேறு சொற்களாகப் பிரிந்து நிற்கும் பொருள்கள், வடதுருவத்தை அடுத்த நாடொன்றின் மொழியிலும் தென்குமரி தொட்ட மொழியிலும் ஒன்றாக நிற்பதைக் கண்டு ஆசிரியர் வியந்தார்.

இனித் தாளுக்கு வருவோர் அதன் வரலாற்றையும் அறிய வேண்டும். கார்ல் டால் என்னும் வேதியியலாளர் அன்றைய செருமானியப் பேரரசைச் சேர்ந்த டான்சிக் நகரில் 1879ஆம் ஆண்டு ஒரு முறையைக் கண்டறிந்தார். மரச்சீவல்களை எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் உயர்ந்த வெப்பத்தில் வேகவைப்பது அம்முறை. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பொருள் கரைந்துபோகும். நார்கள் மட்டும் சிதையாமல் மிஞ்சும். நீண்ட நார்களால் ஆனமையால் அத்தாள் கிழியாத உரம் பெற்றது. அம்முறையிலான ஆலை 1890ஆம் ஆண்டு சுவீடனில் இயங்கத் தொடங்கிற்று. தாள் உலகெங்கும் பரவியபோது அதன் பெயரும் உடன் பரவியது. ஊசியிலைக் காடுகளில் பிறந்த பெயர், இரப்பர்க் காட்டுப் பிள்ளைகளின் புத்தக அட்டையில் வந்து தங்கியது.

இதில் ஒரு விந்தை உண்டு. ஆங்கிலத்திற்கு அச்சொல் உண்மையில் அயற்சொல்லன்று. கைத்தொழிலைக் குறிக்கும் ஆங்கிலக் 'கிராஃப்ட்'டும் வலிமையைக் குறிக்கும் சுவீடியக் 'கிராஃப்ட்'டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் அச்சொல் வலிமையையும் குறித்தது. அறிவுத்திறத்தையும் தொழில்திறத்தையும் குறித்தது. காலப்போக்கில் வலிமை என்னும் பொருள் ஆங்கிலத்தில் உதிர்ந்துபோயிற்று. திறம் மட்டும் நின்றது. அத்திறமும் சில இடங்களில் சறுக்கிச் சூழ்ச்சி என்னும் பொருளைத் தொட்டது. செருமானியத்திலும் சுவீடியத்திலும் வலிமை என்னும் பொருளே நிலைத்தது. பிரிந்துபோன உடன்பிறப்பு பல நூற்றாண்டுகள் கழித்துத் தாளுருவில் ஆங்கிலத்தின் வாயிற்படிக்கு வந்தபோது, ஆங்கிலம் அதனை அடையாளம் காணாமல் புதுச்சொல்லாகப் பதிவு செய்துகொண்டது.

திறம் ஒரு பக்கம், வலிமை ஒரு பக்கம் எனப் பிரிந்த இந்தக் கதையைத் தமிழோடு வைத்துப் பார்த்தபோது ஆசிரியருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தமிழ் அவ்வாறு பிரிக்கவில்லை. 'வல்' என்னும் ஒரே அடியிலிருந்து வன்மை பிறக்கிறது, வல்லமை பிறக்கிறது, வல்லவனும் வல்லுநனும் பிறக்கிறார்கள். வல்லினம் என்றால் வன்மையாய் ஒலிக்கும் எழுத்துகள். வல்லுநர் என்றால் துறைபோகிய திறமுடையார். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்னும் பழமொழியில் வரும் வல்லவன் உடல் வலிமை உடையவனா, கைத்திறம் உடையவனா? இரண்டும் உடையவன் என்பதே பொருந்தும். உடல் வலிமை மட்டும் உடையவனுக்குப் புல் ஆயுதமாகாது.

'ஆற்றல்' என்னும் சொல்லும் இவ்வாறே. ஆற்றுதல் என்பது செய்தல். செய்யத்தக்க வன்மையே ஆற்றல். ஆற்றுதலுக்குப் பொறுத்தல் என்றும், தணித்தல் என்றும் பொருள் உண்டு. துயர் ஆற்றுவதும் ஆற்றலே. பணி ஆற்றுவதும் ஆற்றலே. இவையன்றி உரம், திண்மை, மதுகை, மிடல், விறல், மொய்ம்பு என்று வலிமையைக் குறிக்கும் சொற்கள் தமிழில் வரிசையாக நிற்கின்றன. 'எறுழ்' என்னும் சொல்லுக்கும் வலிமை என்று தொல்காப்பிய உரியியல் பொருள் வகுத்துள்ளது. இன்று அச்சொல்லை ஆள்வோர் இலர்.

அறிவியல் வளர்ந்தபோது இச்சொற்களுக்குப் புதிய கடமைகள் வந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பொருளைத் தள்ளுவதும் இழுப்பதும் விசை. வேலை செய்யும் தன்மை ஆற்றல். வேலை நடைபெறும் வீதம் திறன். இலங்கைத் தமிழரின் பாடநூல்களிலோ ஆற்றலுக்குச் சக்தி என்றும், திறனுக்கு வலு என்றும் பெயர். ஆகவே தமிழகத்தில் குதிரைத்திறன் எனப்படுவது இலங்கையில் பரிவலு எனப்படுகிறது. மலாய்மொழியில் அதுவே 'குவாசா கூடா'. சுவீடியர் குதிரையோடு வலிமையைச் சேர்த்தனர்; ஆங்கிலேயர் அதிகாரத்தையும் குறிக்கும் சொல்லைச் சேர்த்தனர்; தமிழகத்தார் திறத்தைச் சேர்த்தனர். குதிரை ஒன்றே, அதனைப் பார்த்த கண்கள்தாம் வேறு. அரசாங்க அறிவிப்புகளில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வருவதை 'பெர்குவாட் குவாசா' என்று குறிக்கும் மலாய் வழக்கையும் ஆசிரியர் எண்ணிப் பார்த்தார். குவாட் என்பது வலிமை. குவாசா என்பது அதிகாரம். சட்டத்திற்கு வலிமை வருகிறது என்னும் கருத்தில் மலாயரும் சுவீடியரும் உடன்படுகின்றனர்.

இவ்வளவும் சொல்லாராய்ச்சி. சொல்லாராய்ச்சி வாழ்க்கையைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அது வகுப்பறையில் வந்தது.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். அதிகாரப் பெயரைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர், அதன் பொருள் யாது என வினவினார். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சுக்கிறது, ஐயா” என்றான். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் வலி என்னும் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை என்பதை அவர் அறிவார். அவர் பிறந்த வீட்டிலும் அப்படித்தான்.

அவருடைய தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கொளியில் நிரைக்குள் நுழைவார். வெயில் ஏறுமுன் மரத்தின் பால் நன்றாக ஓடும். ஆதலால் விரைவு வேண்டும். நானூறு, ஐந்நூறு மரங்களைக் காலைக்குள் வெட்டி முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் சாய்வாகப் பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும். பால் ஓடும் நாளங்கள் பட்டைக்குள் சற்றுச் சாய்ந்து செல்கின்றன. அச்சாய்வுக்குக் குறுக்காக வெட்டினால்தான் மிகுதியான நாளங்கள் திறக்கும். கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரத்தை வளர்க்கும் உள்தோல் காயப்படும். அதற்கும் கத்தி முனைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி. அந்த இடைவெளியை இருட்டில், கண் பாதியும் கை பாதியுமாக அறிந்துகொண்டு, நானூறு முறை பிழையின்றிச் சீவியவர் அவர். காயம்பட்ட மரம் முண்டும் முடிச்சுமாய்ப் புடைத்துப் பல ஆண்டுகள் குற்றம் சாட்டிக்கொண்டே நிற்கும். அவர் நிரையில் அத்தகைய மரங்கள் குறைவு.

பின்னர் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கம்பின் இருமுனையிலும் மாட்டித் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோவார். இரவில் மகனை அழைத்து, “தோளெல்லாம் வலிக்குதுய்யா, கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடு” என்பார். வலி என்னும் சொல்லை ஆசிரியர் முதன்முதல் கற்றது அங்கேதான், திருக்குறளில் அன்று.

தோட்ட நிருவாகத்தின் ஆங்கிலத்தில் அந்தத் தாயாருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. அன்றாடப் பேரேட்டில் அவர் தொழிலாளர் தொகையில் ஒருவர். அத்தொகையைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஸ்டிரெங்த்' என்னும் சொல்லே வழங்கும். வகுப்பின் மாணவர் தொகையும், படையின் ஆள் தொகையும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். மற்றொரு பெயர், 'திறனற்ற உழைப்பாளர்' என்னும் வகைப்பெயர். முந்தையது அவரை எண்ணாக்கியது. பிந்தையது அவர் கையில் இருந்த திறத்தை இல்லையென்று சாதித்தது. ஆங்கிலத்தில் வலிமையும் திறமும் இருவேறு சொற்களாகப் பிரிந்தது மொழி வரலாறு. ஆனால் தோட்டத்தில் அவை பிரிக்கப்பட்டது பொருளாதாரம். வலிமை கூலிக்காரருக்கு, திறம் வேறு யாருக்கோ. திறத்திற்குக் கொடுக்க வேண்டிய கூலி, வலிமைக்குக் கொடுக்கும் கூலியைவிடக் கூடுதலன்றோ?

உழைப்பாளரை வெறும் ஆள்பலமாகக் காண்பதன் எல்லை எதுவென்பதை மலாயாத் தமிழர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் கண்டனர். 1942 சனவரி 7ஆம் நாள் சப்பானியரின் டாங்கிகள் துரோலாக் வழியாகச் சிலிம் ரிவரை ஊடுருவின. சுங்காய்க்கு அண்மையில் நிகழ்ந்தது அது. அடுத்து வந்த மாதங்களில் சயாம், பர்மா இருப்புப்பாதை வேலைக்கெனத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அங்கே மனிதர் எண்ணப்பட்டனர். தீர்ந்தபோது வேறு மனிதர் கொண்டுவரப்பட்டனர். வலிமை என்னும் சொல்லிலிருந்து மனிதனை எடுத்துவிட்டால் எஞ்சுவது அவ்வளவே.

வலிமையைக் குறித்த 'வலி' நோவைக் குறித்தது எவ்வாறு? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் அகராதி இரு பொருளையும் தருகிறது. வலித்தல் என்னும் வினைக்கு இழுத்தல் என்னும் பொருளும் உண்டு. துடுப்பு வலிப்பவன் துடுப்பை இழுக்கிறான். அவ்வாறு இழுக்க வலிமை வேண்டும். இழுத்தபின் தோள் நோகும். வலிமையில் தொடங்கி நோவில் முடியும் இந்த வரிசை உழைப்பவனின் ஒருநாள் வாழ்க்கையே ஆகும். சொல்லின் பொருள் மாறிய வழி இதுதான் என்று இலக்கண நூலார் முடிவு கூறட்டும். ஆனால் உழைத்தவர் உடம்பில் அவ்விரு பொருளும் ஒரே நாளில், ஒரே தோளில் கூடி நின்றன என்பதற்கு ஆசிரியருக்குத் தாயாரே சான்று.

இவ்விரண்டையும் இணைக்கும் பழஞ்சொல் ஒன்று தமிழில் உண்டு. 'நோன்மை' என்பது அது. வலிமை என்றும், பொறுமை என்றும் அதற்குப் பொருள் கூறுவர். நோற்றலும் நோன்பும் அதன் உறவுச் சொற்கள். துன்பத்தைத் தாங்குவதே வலிமை என்னும் கருத்து அதில் உறைகிறது. பால்மரக் காட்டில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு இச்சொல் மிகப் பொருந்தும் என்று மேடைகளில் பலரும் பேசுவர், கைதட்டலும் கிடைக்கும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தென்னிந்தியத் தொழிலாளர் பொறுமையானவர், பணிந்து போகக்கூடியவர் என்பதற்காகவே தோட்ட முதலாளிகள் அவர்களை விரும்பி அழைத்தனர் என்பது வரலாறு. தாங்கும் வலிமையைப் புகழ்வது, மேலும் தாங்கச் சொல்வதாக முடிந்துவிடலாம். மெல்லிய மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடியும் என்னும் கருத்தை வள்ளுவர் வைத்தது, வேறெங்கும் இல்லை, வலியறிதல் அதிகாரத்திலேதான். தாங்குவதற்கும் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறிவதும் வலியறிதலே. பின்வரிசை மாணவன் சொன்ன விடை முற்றிலும் தவறில்லை என்று ஆசிரியர் கருதியது இதனால்தான். எங்கே வலிக்கிறது என்று அறியாதவர் தம் வலிமையையும் அறியார்.

அவ்வதிகாரத்தில் வள்ளுவர் எடைபோடச் சொல்லும் வலிகள் நான்கு. செயலின் வலி, தன் வலி, பகைவனின் வலி, இருபக்கத்துத் துணைவரின் வலி என்பன அவை. தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் செயலின் வலிக்கும் தன் வலிக்கும் குறைவில்லை. நெடுங்காலம் குறையாய் இருந்தது துணைவலியே. தனித்தனியாக லயங்களில் நொந்தவர்கள் கூடி நின்றபோதுதான் நோவு வலிமையாக மாறத் தொடங்கிற்று. 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுத் தொழிலாளர் வெளியேற நேர்ந்தது. அவ்வேளையில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்குதாரர் ஆயினர், தோட்டங்களை வாங்கினர். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் அவ்வாறு வாங்கிய முதல் தோட்டம். பேரேட்டில் வெறும் தொகையாக இருந்தவர்கள், தாமே கூட்டிய தொகையால் நிலத்துக்கு உடையவராயினர். எண் என்பது இழிவன்று. யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இன்று சுங்காய் வட்டாரத்தில் இரப்பர் மரங்களைவிடச் செம்பனைகளே கண்ணில் மிகுதியாகப் படும். லயத்து வாழ்வு பெரும்பாலோர்க்குப் பழங்கதையாயிற்று. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். தாயாரின் கத்தி துருப்பிடித்து எங்கோ கிடக்கலாம். ஆனால் சொற்கள் துருப்பிடிக்க விடுவதா என்பதே தமிழாசிரியர் முன் நிற்கும் வினா. 2003ஆம் ஆண்டு முதல் நாட்டின் பள்ளிகளில், தமிழ்ப்பள்ளிகள் உட்பட, அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் 2009ஆம் ஆண்டு அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கற்ற பிள்ளைகள் பலர் விசையையும் ஆற்றலையும் திறனையும் ஆங்கிலப் பெயர்களாலேயே அறிந்தனர். பயன்படாத சொல் எறுழைப்போல் ஏட்டில் உறங்கும். அதனை எழுப்புவது ஒருவர் பணியன்று.

மாணவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது 'ஸ்டிரெங்த்' என்னும் சொல் எதிர்ப்பட்டால், உடனே 'பலம்' என்று எழுதிவிட்டு மேலே செல்வது எளிது. அந்த ஆசிரியர் அதனை ஒப்பியதில்லை. பணிக்காலம் முழுவதும் அவர் மாணவரிடம் ஒரு பழக்கத்தை வளர்த்தார். இங்கே குறிக்கப்படுவது எண்ணிக்கையா, உடலுரமா, மனத்திண்மையா, செய்யும் ஆற்றலா, கையின் திறமா, தாங்கும் நோன்மையா, சான்றின் உறுதியா? இவ்வினாக்களைக் கேட்ட பிறகே தமிழ்ச்சொல்லை எழுத வேண்டும். ஆங்கிலம் ஒரு சொல்லில் மறைத்ததைத் தமிழ் ஏழு சொற்களில் வெளிப்படுத்த முடியும். ஆங்கிலம் பிரித்துப் போட்டதைத் தமிழ் ஒரு சொல்லில் கூட்டவும் முடியும். அயல்மொழி அகராதி கற்பிக்கும் பாடம் அயல்மொழியைப் பற்றியது மட்டுமன்று. அது தன்மொழியின் பெட்டகத்தைத் திறந்து காட்டும் சாவி.

ஓய்வு பெற்ற ஆண்டின் கடைசி வகுப்பில் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். வீட்டில் உழைத்த முதியவர் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். அவருடைய வலிமையைக் குறிக்க 'பலம்' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதினாள். பாட்டி பால் வெட்டிய மரங்களில் காயமே இருக்காது என்று தாத்தா சொல்வார் என்றும், ஆகவே தன் பாட்டி ஒரு வல்லுநர் என்றும் அவள் எழுதியிருந்தாள். 'திறனற்ற உழைப்பாளர்' என்று எந்த ஏட்டிலோ பதிவான ஒரு பெண்மணிக்கு, பேத்தியின் கையால், பழுப்புத்தாள் அட்டை போட்ட பயிற்சிப் புத்தகத்தில் அப்பட்டம் கிடைத்தது. அதனடியில் 'சரி' என்று ஆசிரியர் சிவப்பு மையால் உறுதிப்படுத்தினார்.